நைனா கையெழுத்துப் போடாத கடிதம்

நைனாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். மகன் என்பதால் அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி என்னை எழுதச் சொன்னார்கள். எனக்கு அலங்காரமாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

நைனா ஊத்துக்கோட்டைக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் பிறந்தார். நிலமில்லாத வீடு. கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் இருபது ஆண்டுகள் உலை முன்னால் நின்றார். இரண்டு கைகளிலும் தீப்பட்ட தழும்புகள். அந்தச் சம்பளத்தில் வாங்கியதுதான் ஏரிக்கரைக்குக் கீழே இருந்த முக்கால் ஏக்கர். பட்டா அவர் பெயரில் இருந்தது. யாரையும் குறை சொல்லாத மனிதர்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், அந்த நிலம் ஏரிப் புறம்போக்கு என்று பட்டாவை ரத்து செய்த உத்தரவு பதிவுத் தபாலில் வந்தது. நைனா வாங்கவில்லை. எங்கள் தெருவில் அது வழக்கம். சம்மன், நோட்டீஸ் எது வந்தாலும் கையெழுத்துப் போடமாட்டோம். கையெழுத்து இல்லாவிட்டால் உத்தரவு செல்லாது என்று நம்பிக்கொண்டிருந்தோம். தபால்காரர் மறுநாளும் வந்தார்.

“பெரியவரே, வாங்கிப் படிச்சிட்டு அப்பறமா என்னைத் திட்டிக்கினு இரு” என்றார். நைனா கதவைச் சாத்திக்கொண்டார்.

முள்வேலி போட ஆள் வந்தபோதுதான் மேல்முறையீட்டு மனுவோடு கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடினோம். அங்கிருந்த எழுத்தர் கோப்பிலிருந்து அந்தக் கவரை எடுத்துக் காட்டினார். பிரிக்காமலே இருந்தது.

“வாங்க மறுத்தார்னு எழுதிக்கீது பாரு பெரியவரே. அன்னிக்கே உன் கைக்கு வந்த கணக்குதான். முப்பது நாள்ல அப்பீல் போட்டிருக்கணும். இப்ப இது பைனல்.”

“தப்பா போட்ட ஆர்டர் சார் அது” என்றார் நைனா.

“இருக்கலாம். கேக்கறதுக்கு நாள் முடிஞ்சி போச்சே.”

ஏரி எங்கே முடிகிறது, எங்கள் வரப்பு எங்கே தொடங்குகிறது என்று ஒருவரும் வந்து அளக்கவில்லை. சரியான உத்தரவுதான் நிலைக்கும் என்று நினைத்திருந்தேன். நாளுக்குள் யாரும் எதிர்த்துக் கேட்காத உத்தரவும் நிலைத்துவிடும். ஐகோர்ட்டுக்குப் போகலாம் என்றார் வக்கீல். நைனாவுக்குத் தெம்பில்லை.

அதன் பிறகு அவர் அந்த நிலத்து வழியே நடக்கவில்லை. பஸ் பிடிக்க ஊரைச் சுற்றிப் போனார். சாப்பாடு குறைந்தது. நெஞ்சுவலி என்று படுத்தவர் பதினோராம் நாள் போய்விட்டார்.

கடைசி நாட்களில் உடனிருந்த சின்னம்மாவுக்கும், மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய நண்பர்களுக்கும், இரண்டு முறை வாசலுக்கு வந்த தபால்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மற்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காரியத்தன்று பந்தலில் சாப்பிட்டுக்கொண்டே, “கெழவன் வீம்பு புடிச்சி நெலத்தை உட்டுட்டான்” என்று பேசினீர்கள். அம்மா காதில் விழுந்தது. நைனாவும் கேட்டவர்களிடமெல்லாம் “நான்தான் வாங்கல” என்றே சொன்னார். அது முழு உண்மை இல்லை. முதல் நாள் தபால்காரரை நிற்க வைத்துவிட்டு, காக்களூரில் வேலையில் இருந்த எனக்குப் போன் செய்தார்.

“இன்னாடா பண்றது, வாங்கட்டுமா?”

“வாங்காத நைனா. ஒண்ணும் ஆவாது.”

சொன்னவன் நான். படித்த பிள்ளை சொல்கிறானே என்று கேட்டார். இரண்டு ஆண்டுகள் ஒருவரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். இனி ஏசுவதானால் என்னை ஏசுங்கள்.