மர்ஜானாவின் மூன்று மாதச் சர்க்கரை

மர்ஜானாவுக்குச் சர்க்கரை வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அவளுடைய உம்மாவுக்குச் சர்க்கரையில்தான் கால் கட்டைவிரல் போயிற்று. உம்மாவின் மூத்த அக்காளுக்குக் கண் மங்கிப்போனது. வாப்பா வழியை எடுத்தால், ஏர்வாடியில் இருந்த மாமிமார் இரண்டு பேருமே டீயில் சீனி போடாமல் கிழவிகளானவர்கள். வாப்பா மட்டும் தப்பினார் என்று சொல்லிக்கொள்வார்கள். அவர் டெஸ்ட் எடுத்ததே இல்லை என்பது வேறு விஷயம். போர்ட் பிளேருக்கு மெஸ் சமையல்காரராக வந்தவர், ஊர் திரும்பவில்லை. மர்ஜானா இங்கேயே பிறந்து, இங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டு, ஜங்லிகாட் பகுதியில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டு ஐம்பதைத் தாண்டிவிட்டாள்.

புருஷர் ஜெய்னுதீனுக்கு அபர்டீன் பஜாரில் குடை, மழைக்கோட்டு, பை விற்கிற கடை. அவருக்கு மேலே ஒரு அக்காள், சம்சாத். கீழே ஒரு தம்பி, ஷமீர். சம்சாத் தன் புருஷன் மவுத்தான பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். ஷமீர் ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் சமையல் வேலை பார்த்தான். ஜெய்னுதீன் அவனுக்குப் பெண் பார்த்து, ஜமாஅத்தில் சொல்லி, நிக்காஹ் தேதியும் வைத்தார். தம்பியோ அங்கேயே ஒரு பெங்காலிப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். பெண் வீட்டார் முன்னால் தலைகுனிந்து நின்றுவிட்டு வந்த ஜெய்னுதீன், "இனிமே அவன் கைத் தண்ணிகூட இந்த வீட்டுல புழங்கக் கூடாது" என்றார். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

இந்த நிலையில்தான் மர்ஜானாவுக்கு மார்பில் கட்டி வந்தது. புற்று என்று சொல்லிவிட்டார்கள். முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கி, அப்புறம் அறுக்க வேண்டும். அறுப்பது சென்னையில், மருந்து ஏற்றுவது இங்கேயே ஒரு நர்சிங் ஹோமில் என்று ஏற்பாடு. ஒவ்வொரு தடவையும் வாந்திக்கென்று ஒரு ஊசி போடுவார்கள். அது சர்க்கரையை ஏற்றிவிடும் என்று அப்போதே எச்சரித்தார்கள். மாத்திரையும் கூட்டினார்கள்.

ஜெய்னுதீன் மழைக்கு முன்னால் சரக்கு எடுக்க மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறியிருந்த சமயம், மர்ஜானாவுக்கு ரத்தம் ரொம்பவும் குறைந்துபோனது. இரண்டு பாட்டில் ஏற்ற வேண்டும், பதிலுக்கு ரத்தம் கொடுக்க ஆள் கொண்டுவாருங்கள் என்றார்கள். சம்சாத் வேறு யாரையும் யோசிக்கவில்லை. ஹேவ்லாக்குக்குப் போன் போட்டாள். ஷமீர் காலைக் கப்பலில் வந்து, ரத்தம் கொடுத்து, மதினியை எட்டிப் பார்த்து, சாயங்காலக் கப்பலில் திரும்பிவிட்டான்.

"மச்சான் வந்து கேட்டா என்ன சொல்றது மதினி?" என்று மர்ஜானா கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லாத. தண்ணிக்கே அந்தக் குதி குதிச்சவன்," என்றாள் சம்சாத்.

மருந்து ஏற்றி முடிந்தது. சென்னை டாக்டர் திவ்யா அறுவைக்கு நாள் குறித்து, மூன்று மாதச் சர்க்கரை பார்க்கச் சொன்னார். இங்குள்ள லேபில் எடுத்தால், பல வருஷமாக ஒன்பது, பத்து என்று நின்றது ஆறுக்குக் கீழே வந்திருந்தது. முந்தின நாள் வாந்தியில் ஒன்றும் உள்ளே இறங்காததால், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஒழுங்காகவே இருந்தது. ஜெய்னுதீன் ரிப்போர்ட்டைப் போனில் அனுப்பிவிட்டு, டாக்டர் பேசும்போது ஸ்பீக்கரில் வைத்தார்.

"ரொம்ப நல்லா இருக்கே. நடுவுல ரத்தம் ஏதாவது ஏத்தினாங்களா?"

"அதெல்லாம் இல்ல டாக்டர். ஏத்தியிருந்தா எனக்குத் தெரியாதா?"

மர்ஜானா சம்சாத்தைப் பார்த்தாள். சம்சாத் அகப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கடைக்குப் போனதும் சம்சாத் அடுப்படியில் குதிக்காத குறைதான். "பாத்தியா புள்ள! எங்க வம்சத்துல சக்கரையே கெடையாது. எங்க வாப்பா எம்பது வயசுல ஒரு சட்டி வட்டலப்பத்தத் தனி ஆளா வழிச்சுத் திம்பாரு. எங்க ரத்தம் உள்ள போனதும் உங்க வீட்டுச் சக்கரை ஓடிருச்சு!"

மர்ஜானாவும் நம்பினாள். ரத்த வழியாக வந்த நோய் ரத்தம் மாறினால் போகும்தானே? ராத்திரிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினாள். சம்சாத் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையுமாக வட்டலப்பம் அவித்தாள். இத்தனை வருஷம் மற்றவர்களுக்கு வெட்டிக் கொடுத்த மர்ஜானா, ஒரு கிண்ணம் முழுதாகச் சாப்பிட்டாள். மறுநாளும் சாப்பிட்டாள்.

ஆனால் உடம்பு வேறு கதை சொன்னது. தாகம் அடங்கவில்லை. புறங்கையில் மருந்து ஏற்றிய ஊசித் துளை மூடாமல் கசிந்தது. ஒரு ஊசித் துளையே ஆறவில்லையென்றால், மார்பை அறுத்துத் தைப்பது எப்படி ஆறும்? உம்மாவின் கட்டைவிரல் ஆறாமலே போனதைக் கூட இருந்து பார்த்தவள் அவள்.

மாடியில் குடியிருந்த சுகுணா ஒரு லேபில் வேலை செய்கிறவள். அவளைக் கூப்பிட்டுக் கையைக் காட்டினாள். சுகுணா விரலில் குத்திப் பார்த்தாள். முந்நூற்று நாற்பது.

"அரே, என்ன ஆன்ட்டி இது? சமீபத்துல ரத்தம் ஏத்தினீங்களா?"

"ஏத்தினோம். ரெண்டு பாட்டில்."

"அதான். ரத்தத்துல ஓடற சக்கரை, சிவப்பணுவுல இருக்கற புரதத்துல போய் ஒட்டிக்கும். ஒட்டினா ஒட்டினதுதான், அந்த அணு சாகறவரைக்கும் போகாது. எவ்வளவு ஒட்டியிருக்குன்னு பாத்துத்தான் மூணு மாசக் கணக்கு சொல்றாங்க. இப்ப உங்க உடம்புல ஒரு பங்கு வேற ஆளோட அணு. அதுல சக்கரை ஒட்டல. மிச்சத்துலயும் நெறைய, கீமோவுக்கு அப்புறம் புதுசா ஊறினது. ஒட்டறதுக்கு அதுக்கு நேரமே ஆகல."

"அப்ப எந் தம்பி ஷமீரு குடுத்த ரத்தம் சக்கரைய எடுக்கலியா?" என்று சம்சாத் குறுக்கே வந்தாள்.

"உங்க தம்பி குடுத்தது பிளட் பேங்குக்குப் போச்சு. இவங்களுக்கு ஏத்தினது யாரோடதோ."

"யாரோடதோவா? அப்ப அவனோடது எங்க போச்சு?"

"யாராவது பெங்காலி அண்ணாவுக்குப் போயிருக்கும்."

"நாசமாப் போச்சு! அவன் எங்க போனாலும் பெங்காலிதானா!"

மர்ஜானாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது. டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் புருஷருக்குத் தெரிந்துவிடும். "அறுக்கறதுக்கு முன்னாடி அவங்களே பாத்துக்க மாட்டாங்களா? எதுக்கு வீட்டுல நெருப்பு வைக்கணும்?" என்றாள் சம்சாத். மத்தியானம் ஜெய்னுதீன் சாப்பிட்டுக் கை கழுவியதும், மர்ஜானா சென்னை நம்பரைத் தானே அழுத்தினாள்.

"டாக்டரம்மா, எனக்கு ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தியிருக்கு. அன்னைக்கு நான் சொல்லல. இப்ப விரல்ல பாத்தா முந்நூத்தி நாப்பது."

ஜெய்னுதீன் துண்டால் கை துடைத்தபடி அப்படியே நின்றார்.

திவ்யா கோபப்படவில்லை. அறுவையைத் தள்ளிவைத்தார். ரத்த நீரில் உள்ள புரதத்தில் ஒட்டிய சர்க்கரையைப் பார்க்கிற டெஸ்ட் ஒன்று உண்டு, அது கடைசி இரண்டு மூன்று வாரத்துக் கதையைச் சொல்லும், சாம்பிளைச் சென்னைக்கு அனுப்பச் சொல்லுங்கள் என்றார். ஆனால் புற்றும் மருந்துமாக இளைத்த உடம்பில் அந்தப் புரதமே குறைந்திருக்கும், அதனால் அதையும் முழுதாக நம்ப முடியாது. விரலில் குத்திப் பார்ப்பதுதான் இப்போதைக்கு நம்பிக்கை என்றார். இன்சுலின் எழுதினார்.

போன் வைத்ததும் ஜெய்னுதீன் அக்காளிடம் திரும்பினார். "யாரு குடுத்தா?"

"ஷமீருதான்."

"நீதான் கூப்பிட்டியா, லாத்தா?"

"நான்தான். நடுக்கடல்ல இருந்த உன்னக் கூப்பிட்டிருந்தா நீந்தியா வந்திருப்ப?"

அவர் துண்டை உதறிப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனார். ஆனால் மறுநாள் கடையிலிருந்து வரும்போது சர்க்கரை பார்க்கிற மெஷினும் பட்டைகள் ஒரு டப்பாவும் வாங்கி வந்திருந்தார். மர்ஜானாவுக்குத் தானே குத்திக்கொள்ளப் பயம் என்பது அவருக்குத் தெரியும். கையைப் பிடித்து, "திரும்பிக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குத்தினார். அதற்குப் பிறகு காலையிலும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் குத்தியது அவர்தான்; சமயத்தில் கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்தும் குத்தினார். சென்னையிலிருந்து வந்த ரிப்போர்ட்டும் சர்க்கரை அதிகம் என்றே சொன்னது. வட்டலப்பம் சட்டி பரணுக்குப் போனது. முந்நூறு இருநூறாகி, பிறகு நூற்றைம்பதை ஒட்டி வந்தது. புறங்கைத் துளை மூடியது. வரச் சொன்னார் டாக்டர்.

சென்னையில் அறுவை நடந்தது. கட்டுப் பிரித்த அன்று திவ்யா தையலை விரலால் நீவிப் பார்த்து, "காஞ்சிருக்கு, சீழ் இல்ல" என்றார். மர்ஜானா அதற்குப் பிறகுதான் குனிந்து பார்த்தாள்.

ஷமீர் அன்று அவளுக்குப் போன் செய்தான். ஜெய்னுதீன் ஜன்னலோரம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். எழுந்து வெளியே போவார் என்று அவள் எதிர்பார்த்தாள், போகவில்லை.

"புண்ணு காஞ்சிருச்சுன்னு சொல்லு," என்றார், தலையைத் தூக்காமல். "ரெண்டு நாளா லாத்தாக்கிட்ட கேட்டுக்கிட்டே இருப்பான்."