கப்பலில் ஏற்றப்பட்டவருக்கு ஒரு பூசை

எங்கள் குடும்பத்தில் ஒருவருக்காக மட்டும் யாரும் செபிப்பதில்லை. அவரிடம்தான் செபிப்போம். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்க வேதத்தை விடமாட்டேன் என்று நின்றதால் மன்னாரிலிருந்து கப்பலில் ஏற்றி நாடு கடத்தப்பட்டவர் அவர். வேதத்துக்காக உயிர்விடுகிற வேதசாட்சி நேரே மோட்சம் போகிறவர், அவருக்குப் பூசை ஒப்புக்கொடுத்தால் அது அவரைக் குறைப்பது போல என்பார் எங்கள் தகப்பன் ஐயா. அகதியாக ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோதும் நான் அவரைத்தான் மன்றாடினேன்.

அண்ணையின் மகன் பான் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்தான். இங்கே உலகக் கிண்ணப் பந்தாட்டம் நடந்த வருடம், ஹொலண்டுக்குப் போய் ஒல்லாந்தரின் பழைய கடதாசிகளைப் பார்த்துவிட்டு, பீலெஃபெல்டுக்கு அண்ணை வீட்டுக்கு வந்தான். நானும் அங்கே இருந்தேன்.

"அந்தக் கடதாசியில ஆள் இருக்கிறார் அப்பா. ஊர், பேர், தகப்பன்ர பேர் எல்லாம் சரி. ஆனால் வேதத்துக்காக இல்லை. முத்துக்குளிப்பில ஒரு முத்தை விழுங்கிப்போட்டாராம். அதுக்குத்தான் ஆபிரிக்காவுக்கு ஏத்தினவங்கள். போய்க் கொஞ்ச நாளிலயே செத்துப்போனார்."

"ஒல்லாந்தன் எழுதினதை நம்புவாய், எங்கட ஆக்கள் சொன்னதை நம்பமாட்டாய்," என்றார் அண்ணை.

"பெரிய முத்தோ?" என்று கேட்டுவிட்டேன்.

"இவள் ஒரு விசரி," என்றார் அண்ணை. "இந்தக் கதை வெளியில போகக்கூடாது. நீயும் வாய் திறவாதை."

நான் எப்போது வாய் திறந்தேன்.

"ஆபிரிக்காவில பாவசங்கீர்த்தனம் கேக்கச் சுவாமிமார் இருந்தவையோ?" என்று மருமகனிடம் மெல்லக் கேட்டேன்.

"இல்லை மாமி. கத்தோலிக்கச் சுவாமிமாரை அவங்கள் விடேல்லை."

பாவசங்கீர்த்தனம் இல்லாமல் செத்திருக்கிறார். வேதசாட்சி இல்லையென்றால் அவர் மோட்சம் போகுமுன் ஆத்துமங்கள் வேதனைப்படுகிற உத்தரிக்கிற ஸ்தலத்தில்தானே இருப்பார். இத்தனை தலைமுறையாக அவரிடம் பிள்ளைவரம் கேட்டோம், விசாக் கேட்டோம். அவருக்கென்று ஒரு பரலோக மந்திரம் ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த தமிழ்ப் பூசை முடிந்ததும், எல்லோரும் போகும்வரை நின்று சுவாமியிடம் போனேன்.

"ஒரு ஆத்துமத்துக்குப் பூசை ஒப்புக்கொடுக்க வேணும், சுவாமி."

"எப்ப காலமானவர்?"

"ஒல்லாந்தர்ர காலத்தில."

சுவாமி கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தினார். சிரிப்பார் என்று பயந்தேன். சிரிக்கவில்லை.

"நல்லாப் பிந்திப்போச்சு அம்மா."

"ஓம் சுவாமி. எங்களுக்கு இப்பத்தான் தெரியவந்தது."

பெயரைக் கேட்டு எழுதினார். பிறகு, பூசையில் பெயரை வாசிப்பதா, மனதுக்குள் நினைத்தால் போதுமா என்று கேட்டார். அண்ணை தமிழ்ப் பூசைக்கு வந்து எப்போதும் முன் வாங்கில்தான் இருப்பார்.

"எல்லாருக்கும் கேக்க வாசியுங்கோ," என்றேன்.