வெடித்த சேற்றின் மேல்

என் மகள் இடுப்பளவு சேற்றில் புதைந்து மீட்கப்பட்டு ஒரு வாரம் ஆகிறது. தோட்டத்துக்குப் போனாலும் கிணற்று மோட்டாரைப் போடாமலே திரும்பிவிடுகிறேன். அவளோ மறுபடியும் அங்கே போகிறேன் என்கிறாள்.

கடலோரத்தில் துறைமுகத்துக்காகக் கடலைத் தூர்த்து நிலமாக்குகிறார்கள். அதனால் பக்கத்திலுள்ள அலையாத்திக் காடு என்ன ஆகிறது என்று பார்த்து அறிக்கை கொடுப்பது அவள் வேலை. கடலடியிலிருந்து உறிஞ்சிய சேற்றைக் குழாய் வழியே கொட்டியிருந்த இடம், வெயிலில் காய்ந்து பாளம்பாளமாக வெடித்திருந்தது. அவள் கூடலூர்க்காரி. கண்மாய் வற்றி இப்படி வெடித்துவிட்டால் எங்கள் ஊரில் அதன்மேல் டிராக்டரே ஓட்டுவோம். தைரியமாகக் காலை வைத்துவிட்டாள். காய்ந்திருந்தது மேலோடு மட்டும்தான், அடியில் கூழ். உடன் வந்த மீனவர்கள் பலகை போட்டு இழுத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தவளிடம் ஆற்றாமையில் கேட்டேன்.

"ஏத்தா, மண்ணு கொட்டுனா மரத்துக்கு நல்லதுதான? நம்ம தென்னைக்குக் கண்மாய் வண்டல் அடிக்கிறோம்ல? இதப் பாக்க நீ சேத்துல எறங்கணுமாக்கும்?"

"அந்த மரத்துக்கு வேரு தரைக்கு மேல விரல் மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும்ப்பா. அது வழியாத்தான் மூச்சு. இப்ப கரை போட்டு ஓடைய அடைச்சுட்டாக, கடத்தண்ணி வந்துபோக வழியில்ல. சேறு வழிஞ்சு அந்த வேரையெல்லாம் மூடிருச்சு. மரம் நின்னமேனிக்குக் காயுது."

பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் மனைவி, "மரம் மூச்சு விடுதான்னு பாக்கப் போயி இவளுக்கு மூச்சு நின்னுருக்கும்" என்றாள்.

மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னும் பச்சையா நிக்குதுப்பா. அத நான் இன்னும் பாக்கல. அறிக்கையில அது இல்லேன்னா, எல்லாம் செத்துப்போச்சுன்னு அங்கயும் கொட்டிருவாக."

போகாதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நானும் வாரேன்" என்று வந்துவிட்டது.

"கரையில நின்னு பயப்படவா?"

"இங்கன இருந்து பயப்படுறதுக்கு அது தேவலை."

"கூட்டிட்டுப் போத்தா" என்றாள் மனைவி. "இங்கன இருந்தா உங்கப்பா மோட்டாரக்கூடப் போட மாட்டாக."

காலையில் தோட்டத்துக்குப் போய், சேற்றைக் குத்திப் பார்க்க ஆளுயர மூங்கில் கம்பு ஒன்று வெட்டிவந்தேன். மதுரை பஸ்ஸில் அதை எங்கே வைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.