செல்லக்கிளி இரண்டாம் முறை போன தீவு

ஸ்ரீரங்கம் அம்மாமண்டபம் ரோட்டுப் பக்கம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் பெண்களில் செல்லக்கிளியைத் தெரியாதவர்கள் குறைவு. நாற்பத்து நான்கு வயது, எட்டாம் வகுப்புப் படிப்பு, வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெஷின். அளவு ஜாக்கெட்டை விரித்துப் பார்த்ததுமே அது யார் வீட்டுப் பெண்ணுடையது என்று சொல்லிவிடுவாள். கை அவ்வளவு சுத்தம். ஆனால் சொன்ன தேதிக்குத் தைத்துக் கொடுத்தாள் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. இந்தச் சித்திரை மாதம் அந்தத் தாமதம் இன்னும் மோசமானது. வந்தவர்களிடம் நூல் கலர் கிடைக்கவில்லை, ஓவர்லாக் மெஷின் மக்கர் பண்ணுகிறது என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள். உண்மையில் அவள் உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தாள்.

அந்த கேமின் ஆங்கிலப் பெயர் வாயில் நுழையாது. அவர்கள் வீட்டில் அதற்குப் பெயர் பனித்தீவு. மூன்று வருஷத்துக்கு முன்னால் காலேஜ் பிள்ளைகள் எல்லோரும் அதுவே கதி என்று கிடந்தார்கள். கடல் நடுவே ஒரு தீவு, எந்த நேரமும் மூடுபனி, ஒரு கலங்கரை விளக்கம், அதைக் காத்துக்கொண்டு தனியாக இருக்கும் ஒரு பெரியவர். அணைந்துபோன விளக்கை நாம் போய் ஏற்ற உதவ வேண்டும். துப்பாக்கி கிடையாது, துரத்தல் கிடையாது. பெரியவரிடம் எதுவானாலும் டைப் அடித்துத்தான் பேச வேண்டும், அவரும் எழுத்திலேயே பதில் சொல்வார்.

செல்லக்கிளியின் மகள் அறிவுமதி அப்போது காலேஜில் கடைசி வருஷம். தோழிகளுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று அவள் விழுந்தடித்து ஆடினாள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு அம்மா உட்கார்ந்துகொள்வாள். பெரியவர் பேசியதும், "என்னடி சொல்றாரு?" என்று கேட்பாள். அவர் பேசுவதோ அரைப் பக்கம்.

"சாவி கெணத்துக்குப் பக்கத்துல இருக்காம்" என்பாள் மகள்.

"இவ்ளோ பேசினதுக்கு அவ்ளோதானா?"

"மத்ததெல்லாம் முக்கியமில்லம்மா."

மூன்று நாளில் ஆட்டம் முடிந்தது. கடைசியில் படகில் ஏறும்போது பெரியவர் ஏதோ கேட்டார், மகள் 'குட்பை' என்று தட்டினாள், விளக்கு அணைந்தது, வரிசையாகப் பெயர்கள் ஓடின. செல்லக்கிளி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்து மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு அந்தப் பேச்சே அடங்கிப்போனது. அறிவுமதி வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டாள். செல்லக்கிளி லைனிங் துணி எடுக்கும் கடை மலைக்கோட்டைக்குக் கீழே இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் சம்ரீன் ஒரு காலத்தில் பெரியவர் படம் போட்ட போன் கவரோடு அலைந்தவள். ஒருநாள் செல்லக்கிளி ஆசையாக அந்தப் பேச்சை எடுத்தபோது, "அக்கா, இன்னும் அதையா ஆடுறீங்க? அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு ரெண்டு மீட்டர் கிழித்துக் கொடுத்தாள். லாரியோடு நாக்பூர், ராய்ப்பூர் என்று சுற்றும் கணவர் மதுரைவீரன் மட்டும் போன் செய்தால், "என்ன, கெழவன் சௌக்கியமா?" என்று மறக்காமல் கேட்பார். கிண்டல்தான் என்றாலும் அவளுக்கு அது பிடித்திருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அறிவுமதி போனில் அந்தச் செய்தியைச் சொன்னாள்.

"அம்மா, அடுத்த சனிக்கிழமை வரேன். அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல இருக்கறத எல்லாம் அழிச்சுட்டு எக்ஸ்சேஞ்சுல குடுத்துடலாம்."

செல்லக்கிளிக்குத் திக்கென்றது. அந்தப் பெரியவர் சொன்னதில் பாதிக்கு மேல் மகள் முழுங்கிவிட்டாள் என்ற சந்தேகம் அவளுக்கு மூன்று வருஷமாக இருந்தது. யாரும் படித்துச் சொல்லாமல், தானே எழுத்துக் கூட்டிப் படித்து, அந்தத் தீவை ஒருமுறை முடித்துவிட வேண்டும். எட்டு நாள் இருக்கிறது. இப்போது விட்டால் எப்போதும் இல்லை. போனை வைத்ததும் கதவைச் சாத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மகளுடைய பத்தாம் வகுப்பு அகராதி அட்டை இல்லாமல் பரணில் கிடந்தது, அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். போனைக் காட்டினால் மொத்தமும் தமிழில் வந்து விழும் என்று அவளுக்கும் தெரியும். அது மகள் படித்துச் சொன்ன மாதிரிதான் ஆகும் என்று அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு வரிக்குப் பத்து நிமிஷம் ஆனது. பெரியவர் பாவம், எவ்வளவு நேரம் ஆனாலும் நின்றுகொண்டே இருந்தார்.

இரண்டாம் நாளே புதையல் அகப்பட்டது. சாவியைப் பற்றிச் சொன்ன அந்த அரைப் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் சாவி. மற்றதெல்லாம் அவர் சம்சாரத்தைப் பற்றி. அந்த அம்மாளுக்கு மீன் வாசனையே ஆகாதாம், தீவில் வாழ்க்கைப்பட்டு முப்பது வருஷம் உருளைக்கிழங்கைத் தின்றே காலம் தள்ளினாளாம், தண்ணீர் எடுக்கும்போது பாடுவாளாம், அவள் செத்த பிறகும் அதனால்தான் அவர் சாவியைக் கிணற்றடியில் வைக்கிறாராம். மகள் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு மனுஷனை விட்டுவிட்டாள். செல்லக்கிளிக்கு ஆத்திரமும் வந்தது, சந்தோஷமும் தாங்கவில்லை. எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் அதையே படித்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெளியே நூற்று நான்கு டிகிரி வெயில், காவிரியில் மணல்தான் ஓடுகிறது. உள்ளே திரையில் மழையும் பனியும், தகரக் கூரையில் சொட்டும் சத்தம். முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டுதான் ஆடினாள். மகளைப் போல விழுந்தடித்து ஆடாததால் சத்தமெல்லாம் காதில் விழுந்தது. தெற்குக் கரையில் அலை ஒரு மாதிரி, வடக்கே வேறு மாதிரி. காலையில் ஒரு ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்தால் மத்தியானம் கலங்கரை விளக்கத்தில் ஒரு படி ஏறுவாள். ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுக்கூடப் போனார். தப்பு தன்மேல்தான் என்று அன்று சாயங்காலம் உட்கார்ந்து அவர்களுடைய ஐந்து ஜாக்கெட்டையும் முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சனிக்கிழமை வந்தது. காலை பத்து மணிக்கு மகளிடமிருந்து செய்தி: ரயில் விருத்தாசலம் தாண்டிவிட்டது. செல்லக்கிளி விளக்கை ஏற்றிவிட்டாள், படகுத்துறைக்கு இறங்கும் படிகள்தான் பாக்கி. சாம்பாரை அடுப்பில் வைத்ததே மறந்துபோய், அடிப்பிடித்த வாசனை வந்த பிறகு ஓடிப்போய் அணைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அரியலூர் தாண்டிவிட்டதாக அடுத்த செய்தி வந்திருந்தது. படகில் ஏறினாள். பெரியவர் கரையில் நின்று அதே கேள்வியைக் கேட்டார். இப்போது அவளே படித்தாள்: 'கிளம்புகிறாய். என்னிடம் என்ன சொல்லப் போகிறாய்?'

ஆங்கிலத்தில் 'குட்பை' எப்படி எழுதுவது என்று அவளுக்குத் தெரியும், கடைக் கதவில் பார்த்திருக்கிறாள். முதல் எழுத்தைத் தட்டினாள், அழித்தாள். தெரு முனைக்கு ரேஷன் வாங்கப் போனாலும் 'போறேன்' என்று மொட்டையாகச் சொல்லாத வீட்டில் வளர்ந்தவள் அவள். பெண்டாட்டி செத்துத் தனியாகக் கிடக்கும் மனுஷரிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் படகேற அவளுக்கு மனசு வரவில்லை. தெரிந்த ஆங்கிலத்தைக் கூட்டி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள்.

'ஐ கோ அண்ட் கம்.'

பெரியவர் அசையவில்லை. விளக்கு அணையவில்லை, பெயர்களும் ஓடவில்லை. கெடுத்துவிட்டோமோ என்று தட்டியதை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தாள். அப்புறம் ஒரு சொல் வந்தது. 'எப்போது?'

வீட்டில் யாராவது கேட்டால் என்ன சொல்வாளோ அதையே தட்டினாள். 'ஈவினிங்.'

பெரியவர் பதில் சொன்னார். அதில் ஒரு சொல் மட்டும் புரியவில்லை. அகராதியைப் புரட்டினாள்: தாழ்ப்பாள். 'அப்படியானால் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் வைக்கிறேன்.'

படகு நகர்ந்தது. அவள் பாட்டுக்குத் திருப்பும் பொத்தானை அழுத்தினாள், படகு திரும்பியது. எதிரே பனி விலகிக்கொண்டே போனது. தீவு முழுவதும் பச்சைப் பசேலென்று, இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தோடு, மதிய வெளிச்சத்தில் நின்றது. செல்லக்கிளி திரையை ஒட்டி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, என்ன தீஞ்ச வாசன?" என்று தோளில் பையோடு உள்ளே வந்த அறிவுமதி திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னம்மா இது? பனித்தீவுல வெயில் அடிக்குது."

"நானும் அதான் பாக்கறேன்."

அறிவுமதி போனை எடுத்துத் தேடினாள். அந்த கேமைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள், எல்லாம் மூன்று வருஷப் பழசு. எதிலும் வெயில் இல்லை. காலேஜ் தோழிகளின் பழைய வாட்ஸப் குழுவில் ஒரு படம் எடுத்துப் போட்டாள். இரண்டு வருஷமாகச் செத்துக் கிடந்த குழு அது. ஒரு நிமிஷத்துக்குள் பதினேழு பேர் வந்து எப்படி, எப்படி என்று மொய்த்தார்கள்.

"என்னம்மா டைப் பண்ண?"

செல்லக்கிளி சொன்னாள்.

"அது இங்கிலீஷே இல்லம்மா."

"அவருக்குப் புரிஞ்சுதே."

அறிவுமதிக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது. மவுஸை நோக்கிக் கையை நீட்டினாள். "தள்ளு, நான் பாக்கறேன்."

"கைய எடு" என்றாள் அம்மா.

படகு கரை சேர்ந்தது. செல்லக்கிளி படியேறிப் போய்க் கதவைத் தள்ளினாள், திறந்துகொண்டது. உள்ளே பெரியவர் இரண்டு தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பேசத் தொடங்கினார், திரை நிறைய எழுத்து வந்தது. இரண்டு பக்கம் இருக்கும். அறிவுமதியின் கண் பழக்கதோஷத்தில் வரிகளின்மேல் ஓடியது, வாய் திறந்தது.

"வந்து உக்காருன்றார், அப்புறம்..."

"நீ சும்மா இரு. நான் படிக்கறேன்."

செல்லக்கிளி விரலைத் திரையில் வைத்து முதல் சொல்லை எழுத்துக் கூட்டினாள். அறிவுமதி பையை இறக்கி வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அம்மா நான்காவது வரிக்கு வந்ததும் விரலைப் பின்னுக்கு நகர்த்தி அதையே மறுபடியும் படித்தாள்.

"என்னம்மா சொல்றாரு?" என்று கேட்டாள் மகள்.