கப்பல் நகராத ஆறு நாட்கள்

உலகத்துக்கே அந்தக் கப்பல் சீக்கிரம் நகர வேண்டும் என்றிருந்தது. எனக்கு மட்டும் அது நகரக் கூடாது. சூயஸ் கால்வாயில் மூக்கை மணலில் குத்திக்கொண்டு குறுக்கே கிடந்த அந்தப் பெரிய சரக்குக் கப்பலை ஒரு நாளைக்கு இருபது தடவையாவது கைப்பேசியில் பார்ப்பேன். அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

லண்டனில் இருந்து அண்ணன் அனுப்பிய பெட்டி, அதற்குப் பின்னால் வரிசையில் நின்ற கப்பல்களில் ஒன்றில் இருந்தது. அனுப்பியவர் இறந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது.

பெட்டியைக் கொடுத்த அன்று அண்ணன் வாட்சப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார். "அம்மா, கப்பலில போட்டாச்சு. சரி அம்மா, வாறன்." அவ்வளவுதான். எங்கள் ஊரில் யாரும் 'போறன்' என்று சொல்லமாட்டார்கள். கடைக்குப் போகிறவனும் வாறன், தொலைபேசியை வைக்கிறவனும் வாறன். ஆனால் அம்மா அதை மூன்று தரம் போடச்சொல்லிக் கேட்டுவிட்டு, "புள்ள கப்பலில வாறான்" என்றார். கொரோனாக் காலம். லண்டன் விமானத்தை இறங்க விடமாட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அதனால் கப்பலில் வருகிறான் என்று அவரே ஒரு நியாயமும் கண்டுபிடித்துவிட்டார்.

"அம்மா, அது போனை வைக்கிறதுக்குச் சொல்ற வாறன்" என்று சொல்ல வாய் எடுத்தேன். சிரிப்பாகவும் இருந்தது, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பிறகு அண்ணனுக்குக் காய்ச்சல் என்றார்கள், ஆஸ்பத்திரி என்றார்கள். பத்தாம் நாள் அவரோடு வேலை செய்தவர் எனக்கு அழைத்து, முடிந்துவிட்டது என்றார்.

அம்மாவுக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதிர்ச்சியான எதையும் இப்போதைக்குச் சொல்லவேண்டாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டேன். வேலைசெய்யும் நூலகத்தில், பழைய பத்திரிகைகள் அடுக்கிய அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தை நிறுத்திவிட்டு அண்ணன் எரிவதற்குப் போவதைக் கைப்பேசியில் பார்த்தேன். முகக்கவசம் போட்ட ஏழெட்டுப் பேர். திரை ஒன்று மூடியது. நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு மீன் பொரித்துக் கொடுத்தேன்.

அதுதான் நான் செய்த பெரிய பிழை என்று இப்போது நினைக்கிறேன். சாவு விழுந்தால் வீட்டுக்காரருக்குத் துடக்கு. முப்பத்தொரு நாள் மீன் இறைச்சி தொடமாட்டோம், கோயில் படி மிதிக்கமாட்டோம். நான் வயிற்றுப் புண் என்று சொல்லி மரக்கறியோடு நின்றேன். அம்மா ஒவ்வொரு நாளும் மீன் சாப்பிட்டார். மகன் ஏன் பேசவில்லை என்று கேட்டால், நடுக்கடலில் சிக்னல் இல்லை என்றேன். அம்மாவின் பிழையை என் பொய்யாக்கிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் கால்வாய் அடைபட்டது. ஏறாவூரில் இருந்து பெட்டி கொண்டுவந்து தருகிற கார்கோக்காரர் அழைத்தார். "தங்கச்சி, நம்மட கப்பல் லைன்ல நிக்கிது. எப்ப உடுவானுகளோ தெரியா." நான் நன்றி என்று சொல்லிவிட்டேன். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து அவர் அதையே இன்னொரு தரம் சொன்னார்.

அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். அவ்வளவு பெரிய கப்பலின் மூக்குக்குக் கீழே சின்னதாய் ஒரு பெக்கோ மணல் தோண்டிக்கொண்டு நின்றது. எங்கள் வாவி கடலில் விழும் இடத்தில் மணல் மேடு கட்டி மூடிக்கொள்ளும். மாரியில் வயல் வட்டைக்குள் தண்ணீர் ஏறி வேளாண்மை அழுகத் தொடங்கினால், அதே மாதிரி ஒரு இயந்திரத்தைக் கொண்டுபோய் வெட்டிவிடுவார்கள். அம்மா படத்தைப் பார்த்ததும் நிம்மதியாகிவிட்டார்.

"ஆத்துவாய் மூடியிருக்கு. வெட்டுறாங்கதானே கா. வாய் துறந்தா மறுகா என்ன, தண்ணி இழுத்துக்கொண்டு வந்திரும்."

மறுநாளே பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். அம்மா உள்ளே போய் மகன் வரவேண்டும் என்று கும்பிட்டார். நான் வாசலில் நின்று கப்பல் நகரக் கூடாது என்று கும்பிட்டேன். ஐந்து நாள் இப்படி நடந்தது. அந்த நாட்களில் அண்ணன் எங்கோ இருக்கத்தான் செய்தார். எரிந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான், எனக்கே வரிசையில் நிற்கிற ஒரு கப்பலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்பதுபோலப் பட்டது. கப்பல் நகர்ந்தால் அவர் செத்துவிடுவார் என்று பயந்தேன்.

பங்குனிப் பூரணைக்கு அடுத்த நாள், கடல் பெருக்குத் தண்ணீரில் கப்பல் மிதந்துவிட்டது. அம்மா வானொலியில் கேட்டிருக்கிறார். நான் வேலையால் வரும்போது அண்ணனின் அறையைக் கழுவி, கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டிருந்தார். தையல் போட்ட நெஞ்சோடு வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கியிருக்கிறார். "நாளைக்கு நல்ல நண்டாப் பாத்து வாங்கி வை புள்ள" என்றார்.

இதற்கு மேல் முடியவில்லை.

"அம்மா, அண்ணன் வரமாட்டார்."

"அப்ப அடுத்த கப்பலிலயா?"

"இல்லம்மா. அண்ணன் இல்லம்மா."

அம்மா கட்டிலில் உட்காரவில்லை. விரிப்புக் கசங்கிவிடும் என்றோ என்னவோ, நிலத்தில் உட்கார்ந்தார். "எப்ப?" என்று கேட்டார். சொன்னேன். விரல் மடித்து எண்ணினார், பாதியில் நிறுத்தினார். பிறகு எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தார். எனக்கு நாற்பத்தாறு வயது.

"புள்ள செத்த துடக்கோடயா என்னைக் கோயிலுக்கு ஏத்திக்கொண்டு போனாய்? இவ்வளவு நாளும் மீன் திங்க விட்டுப் பாத்துக்கொண்டிருந்தியா?"

நான் வைத்தியர் சொன்னதைச் சொன்னேன். அது எவ்வளவு சின்னக் காரணம் என்று சொல்லும்போதே தெரிந்தது. அம்மா கேட்கவும் இல்லை. நெடுநேரம் கழித்து, ஒரு வழக்கைத் தீர்க்கிறவர்போல, "அவன் இண்டைக்குத்தான் செத்தவன்" என்றார். "நான் கேட்ட நாள்தான் நாள். மத்தது உன்ட கணக்கு." அன்றிலிருந்து எண்ணித்தான் முப்பத்தொன்றும் செய்தோம்.

பெட்டி அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது. மேலே சவர்க்காரம், சொக்லேட், அம்மாவுக்குக் கம்பளிக் காலுறை. அடியில் அண்ணனின் நான்கு சாரன்கள், பழைய செருப்பு, சவரப் பெட்டி, அவருடைய பிறப்புச் சான்றிதழ். ஒரு மாத விடுமுறைக்கு வருகிறவர் செருப்பையும் சான்றிதழையும் முன்னால் அனுப்பிவைக்கமாட்டார். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அவர் ஒரேயடியாகத் திரும்பி வரத்தான் இருந்திருக்கிறார். அந்த வாறன் என்ற சொல்லைப் பிழையாக விளங்கியது நான்தான்.

இப்போது ஒவ்வொரு வருடமும் எனக்கு ஒரு நாள், அம்மாவுக்கு ஒரு நாள். என்னுடையது மாசிக் கடைசியில் வரும். அவருடையது பங்குனிப் பூரணை கழிந்து. இடையில் வருகிற நாட்களில் எங்கள் வீட்டில் அண்ணன் உயிரோடு இருக்கிறார். அம்மாவுக்கு அறிவு மாறிவிட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். ஓய்வூதியப் படிவத்தை அவரே நிரப்புகிறார், தன் மருந்துகளின் பெயரெல்லாம் சொல்லுகிறார். அந்த நாட்களில் மட்டும் அண்ணனைப் பற்றி, இருக்கிற ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுகிறார். எதிர்த்துச் சொல்ல எனக்கு வாயில்லை, அந்த நாட்களை அவருக்குக் கொடுத்தவள் நான்.

இந்த வருடமும் என்னுடைய நாளில் அந்தப் பத்திரிகை அறைக்குள் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன புள்ள, கண் சிவந்து கிடக்கு?"

"ஒண்டுமில்லம்மா, தூசி."

அம்மா மறுபடி கீரைக்குக் குனிந்துகொண்டார்.

"அழுதத அண்ணனுக்குச் சொல்லிப்போடாத. அவன் தூரத்தில இருக்கிறவன், பயந்திருவான்."