டோரிஸ் நிறுத்திய வேட்பாளர்

கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டும் டோரிஸைப் பற்றிக் கேட்டால், “நல்ல மனுஷி, ஆனா வேன்ல கொஞ்சம் வாடை வரும்” என்பார்கள் பெற்றோர்கள். வராமல் என்ன செய்யும்? காலையில் பிள்ளைகள் உட்காரும் இடத்தில் மத்தியானம் கூண்டு போகிறது. உள்ளே கால் ஒடிந்த குரங்கோ, யார் வீட்டுச் சமையலறையிலோ பிடித்த மலைப்பாம்போ இருக்கும். எங்கள் வனவிலங்கு நலக் குழுவில் பேசுவதற்கு ஒரு கூட்டம். ஓடுவதற்கு டோரிஸ் ஒருத்தி. செயலாளர் நான் சொல்கிறேன், நம்புங்கள்.

அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கால்வாய். அதில் ஓர் உடும்பு. எங்கள் ஊரில் பியாவாக் என்போம். எஸ்டேட் தொரை மேற்பார்வைக்கு வருவதுபோலத் தலையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் என்பதால் டோரிஸ் அதற்குத் தொரை என்றே பெயர் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக் கன்னையாவுக்கோ அது நடமாடும் மருந்து. லோரி ஓட்டி ஓட்டி இடுப்பு போன மனிதர். உடும்புக்கறி தின்றால் இடுப்பு இரும்பாகும் என்று எந்தப் புண்ணியவானோ சொல்லிவிட்டான். கால்வாய் ஓரம் கம்பிச் சுருக்கு வைத்துவிட்டார். டோரிஸ் அதை எடுத்து வீசினால் மறுநாள் புதிதாக ஒன்று இருக்கும்.

“அண்ணே, அது சட்டப்படி தப்பு.”

“தீபாவளிக்குத் தொரை என் சட்டியிலதான் லா, தங்கச்சி.”

“புகார் கொடுத்துத் தொலையேன்” என்றேன் நான். டோரிஸ் மறுத்துவிட்டாள். “எனக்கு டெங்கி வந்தப்ப கஞ்சி ஊத்துனது அவரு வீடு. எப்படிக் காட்டிக் குடுப்பேன்?” சொல்லும்போதே கண் கலங்கியது அவளுக்கு.

அந்தச் சமயத்தில்தான் குழுவுக்குச் சின்னமாக ஒரு மிருகத்தைத் தேர்ந்தெடுக்க, பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை மாடியில் கூடினோம். அதன் வேஷத்தைத் தைத்து, ஓர் ஆளுக்கு மாட்டிவிட்டு, பள்ளிப் பள்ளியாக அழைத்துப் போவதாகத் திட்டம். தலைவர் ராதாகிருஷ்ணன் புலி என்றார். பாதிப் பேர் இருவாய்ச்சிப் பறவை என்றோம். டோரிஸ் எழுந்து, “பியாவாக்” என்றாள்.

எல்லாரும் சிரித்துவிட்டோம். “அது நாக்கப் பாத்தா பிள்ளைங்க அழும்மா” என்றார் தலைவர்.

“இத்தன வருஷத்துல புலியக் காப்பாத்துங்கன்னு நமக்கு ஒரு போன் வந்துச்சா, சார்? வர்றதெல்லாம் பியாவாக் போன். கல்லால அடிச்சுட்டாங்க, சுருக்குல மாட்டிக்கிச்சு, வால வெட்டிட்டாங்க. புலிக்குப் பேச ஆயிரம் பேரு இருக்காங்க. இதுக்கு யாரு இருக்கா?”

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். “செயலாளர் மினிட்ஸ் மட்டும் எழுதட்டும்” என்றார் தலைவர். அடேயப்பா! யாரிடம்? இருவாய்ச்சிக்கென்று வைத்திருந்த என் கை விறுக்கென்று பியாவாக்குக்கு உயர்ந்தது. என்னைப் பார்த்து இருவாய்ச்சிக் கட்சியே கட்சி மாறியது. தலைவர் முகத்தில் ஈயாடவில்லை.

வேஷம் தைத்து வந்ததும் டோரிஸ் நேராகக் கன்னையா வீட்டு வாசலில் போய் நின்றாள். கோயில் திருவிழா நாடகங்களில் கோமாளி வேஷம் கட்டியவர் அவர். மேடை என்றால் இடுப்பு வலியே மறந்துபோகும்.

“பள்ளிக்கூடத்துல ஒரு மிருக வேஷம், அண்ணே. உங்கள விட்டா ஆளு இல்ல.”

“புலியா?”

“வாங்க லா, பாத்துக்கலாம்.”

தொடக்க விழாவன்று அந்த நீள வாலைப் பார்த்ததும் மனிதர் துள்ளினார். “ஏமாத்திட்டியே, பாவி!” ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். கைதட்டல் கேட்ட பிறகு கன்னையாவாவது திரும்பிப் போவதாவது! தவழ்ந்தார், வாலை ஆட்டினார், தலைவரைப் பார்த்து நாக்கை நீட்டினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் மனசு குளிர்ந்தது.

சிறப்பு விருந்தினர் வரவில்லை. நம்மவர் விழாவில் விருந்தினர் இல்லாமல் இருக்கலாம், மாலையும் பொன்னாடையும் இல்லாமல் இருக்குமா? வாங்கிய மாலையை யாருக்கும் போடாமல் திருப்பி எடுத்துப்போகவும் கூடாது. வேறு வழியின்றித் தலைவர் அதைப் பியாவாக் கழுத்தில் போட்டார். பொன்னாடையும் போர்த்தினார். எழுதி வைத்த வாழ்த்துரையை வீணாக்க மனமில்லாமல் அதையும் வாசித்தார்: “சமுதாயத்துக்காக ஓயாது உழைத்த அன்னாரை…” மேடைக்குப் பின்னால் வேஷத்தின் தலையைக் கழற்றியபோது கன்னையாவின் முகம் நனைந்திருந்தது. வேர்வை என்றுதான் முதலில் நினைத்தேன். “காலம் பூரா லோரி ஓட்டுனேன். ஒருத்தன் எனக்கு ஒரு மாலை போட்டதில்லம்மா” என்றார்.

மறுநாள் டோரிஸ் கால்வாய்க்குப் போனாள். தொரை கரையேறி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தள்ளி நின்ற கன்னையா, சுருக்குக் கம்பியை எடுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“நேத்து ஒரு சின்னப் பொண்ணு வந்து என் கையப் புடிச்சுக்கிச்சு” என்றார். “‘உங்களுக்குச் சுருக்கு வைக்கிறது யாரு அங்கிள், பேரச் சொல்லுங்க, எங்கப்பாகிட்ட சொல்றேன்’னு கேக்குது. நான் யாரு பேரச் சொல்றது?”

டோரிஸ் அந்தக் கம்பியை வாங்கிக்கொண்டாள். “வாங்கண்ணே, இடுப்புக்கு டாக்டரப் பாத்துட்டு வருவோம்” என்றாள்.