உதிரி மல்லிகை

இருளம்மாளைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். சுமங்கலியாகப் போனவள் என்று யாரோ பந்து பந்தாக மல்லிகை வாங்கி வந்து தலைமாட்டில் வைத்தார்கள். நான்தான் அதை எடுத்து அப்பால் போட்டேன். பூ விற்றுப் பிழைக்கிற சங்கிலியம்மாளே பூவைத் தூக்கி எறிகிறாளே, புத்தி பிசகிவிட்டதா என்று ஒருத்தி முணுமுணுத்தாள். முணுமுணுத்துவிட்டுப் போகட்டும். இருளம்மாள் புருஷன் சீனிச்சாமி மட்டும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவனுக்குத் தெரியும், அந்த வீட்டு வாசலுக்குள் மல்லிகை நுழைந்து பத்து வருஷம் ஆயிற்று.

அந்தப் பத்து வருஷத்தில் எங்கள் தெருவில் எவள் முழுகாமல் இருந்தாலும் இருளம்மாள் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு போய் உட்கார்ந்துவிடுவாள். பிள்ளையில்லாதவளுக்கு இதில் என்ன வேலை என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. சுளித்தவர்களின் பிள்ளைகளும் சப்புக்கொட்டிப் பால் குடித்துத்தான் வளர்ந்தன.

தேவதானப்பட்டியில் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் என் பூக்கூடை இருக்கும். அங்கே அடைத்த கதவுக்குத்தான் பூசை. சீனிச்சாமி அப்போது பெரியகுளத்துக்கு நெல் மூட்டை ஏற்றிப் போகிற வண்டிக்காரன். திரும்பி வரும்போது பெண்டாட்டிக்கு இரண்டு முழம் மல்லிகை வாங்காமல் போகமாட்டான். எனக்குக் கொழுந்தன் முறை வேறு, சும்மா விடுவேனா? "பூ இல்லாமப் போனா வீட்டுக்குள்ள விடமாட்டாளோ?" என்பேன். சிரித்துக்கொண்டே போவான்.

உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம், ஒருநாள் வண்டி என்னைத் தாண்டிப் போனது. மறுநாளும் அப்படியே. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏலே, அவகூடச் சண்டையா? இல்ல வேற கடையில வாங்குறியா?"

"அதெல்லாம் இல்ல மதினி. முழுகாம இருக்கா. மல்லியப்பூவக் கண்ணுலயே காட்டாதங்கிறா. பால் வத்திருமாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளை தவறிப்போன தாய்க்குப் பால் கட்டிக்கொண்டால் மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டுவோம். இரண்டு மூன்று நாளில் பால் வற்றிவிடும். அது ஊரறிந்த வைத்தியம். தலையில் வைக்கிற பூவுக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம்? அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போனேன்.

"அடியே, மாருல கட்டுனாத்தான் வத்தும். தலையில வச்சா ஒண்ணும் ஆகாது. எனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. இருந்தாலும் வேணாம். மொதப் பிள்ளைய விட்டது போதும்" என்றாள்.

அவளுடைய முதல் பிள்ளை பெண். பால் இல்லாமல் இல்லை. காம்பு உள்ளடங்கியிருந்ததால் பிள்ளைக்கு வாயில் பிடி கிடைக்கவில்லை. தேடித் தேடி அழுது ஓய்ந்துபோகும். இவளுக்கு மார் கல்லாகக் கட்டிக் காய்ச்சல் வந்தது. ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து பாலாடையில் புகட்டினார்கள். அது வயிற்றுக்குச் சேரவில்லை. பிள்ளை போய்விட்டது. போன துக்கம் ஒரு பக்கம் என்றால், மாமியார் சோணையம்மாள் சொன்ன சொல் ஒரு பக்கம். "பால வச்சுக்கிட்டே பிள்ளையப் பட்டினி போட்டவ" என்றாள் அந்த மனுஷி. நெருப்புச் சுட்டது ஆறும், அந்தச் சொல் ஆறுமா?

அதனால் இந்தத் தடவை இருளம்மாள் ஒரே குறியாக இருந்தாள். பிள்ளை வாய் வைத்தால் பால் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். ஏழாம் மாதத்திலிருந்து விளக்கெண்ணெய் தடவிக் காம்பை மெல்ல இழுத்துவிடச் சொல்லியிருந்தாள் மருத்துவச்சி. குளிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்வாள். பால் ஊறட்டும் என்று வரப்பில் அம்மான் பச்சரிசிக் கீரை தேடிப் பறிப்பாள். உரித்த பூண்டு மடியிலேயே இருக்கும். பக்கத்தில் உட்கார முடியாது. பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிந்து, கருப்பட்டி தட்டிப்போட்டுக் காய்ச்சிக் குடிப்பாள்.

"மாட்டுக்கு வைக்கிறத எல்லாம் இவ குடிக்கிறா" என்று சோணையம்மாள் நொடித்தாள்.

"மாடு கன்னுக்குப் பால் குடுக்குதுல்ல அத்தை" என்றாள் இவள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

வளைகாப்பு வந்தது. மல்லிகை இல்லாமல் எப்படிச் சடை தைப்பது என்று வீட்டில் ஒரே ரகளை. நல்ல காரியத்தில் மல்லிகையை ஒதுக்குவது ஆகாது என்றாள் மாமியார். நான் கனகாம்பரத்தையும் மரிக்கொழுந்தையும் வைத்துச் சடை தைத்துக் கொடுத்தேன். அன்றைக்கு இருளம்மாள் முகத்தைப் பார்க்க வேண்டும். என் கையைப் பிடித்து, "பிள்ளை பால்குடி மறந்ததும் ஒரு கூடைப் பூவ மொத்தமா வச்சுக்கிறேன்க்கா" என்றாள்.

தை மாதம் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. அழவேயில்லை. சீனிச்சாமி துணியில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய் மஞ்சளாற்று ஓரத்தில் புதைத்துவிட்டு வந்தான். வளைகாப்பில் பூவை ஒதுக்கினாள், பூவும் அவளை ஒதுக்கிவிட்டது என்று ஊரில் பேசினார்கள். அப்படிப் பேசின நாக்குகளை நான் இன்னும் மறக்கவில்லை.

மூன்றாம் நாள் சீனிச்சாமி என் கூடைக்கு முன்னால் வந்து நின்றான்.

"மதினி, மல்லியப்பூ வேணும்."

பழக்கதோஷம், கை பந்தைத் தொட்டுவிட்டது.

"கட்டுன பூ வேணாம். உதிரியாக் குடுங்க" என்றான். தலை நிமிரவில்லை. நீ முன்னால் போ என்று சொல்லிவிட்டுக் கூடையோடு எழுந்தேன்.

இருளம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சேலை நெஞ்சோடு நனைந்து ஒட்டியிருந்தது.

"வந்தீகளாக்கா? இங்கன பாருங்க" என்று மாராப்பை விலக்கினாள். "காம்பு நல்லா வந்துருச்சு. இந்தத் தடவ பிள்ளை பிடிச்சிருக்கும்ல?"

"பிடிச்சிருக்கும் ஆத்தா" என்றேன். அழுதுவிட்டேன்.

அவள் அழவில்லை. "இன்னைக்கு மூணாம் நாளுக்கா. பெரியவுக செத்தாப் பால் ஊத்துறாகள்ல?"

சோணையம்மாள் வாசற்படியிலிருந்து மெதுவாகச் சொன்னாள். "பச்சப்பிள்ளைக்கு யாரும் பால் ஊத்த மாட்டாக. அது வழக்கமில்ல ஆத்தா."

"சடங்கு வேணாம் அத்தை. இது அவனுக்குன்னு சேத்து வச்சது. அவன்கிட்டக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வரச்சொல்லுங்க."

உள்ளே போய் ஒரு கிண்ணத்தைக் கழுவி எடுத்து வந்தது சோணையம்மாள்தான். நான் ஏந்திப் பிடித்தேன். தொட்டவுடனே பீய்ச்சிக்கொண்டு வந்தது. கிண்ணம் நிறைந்து என் விரலெல்லாம் வழிந்தது. ஒரு பிள்ளை என்ன, இரண்டு பிள்ளை குடிக்கலாம்.

சீனிச்சாமி அதை வாங்கித் துண்டால் மூடிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தான். சிந்திவிடக்கூடாதென்று அடி அடியாக எடுத்து வைத்துப் போனான். அவன் தெருமுனை திரும்பும்வரைக்கும் இருளம்மாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கூடையைத் தன் பக்கம் இழுத்து, பூவை அவளே இரண்டு கையாலும் அள்ளி மார்பில் வைத்துக்கொண்டாள்.

"இறுக்கிக் கட்டுங்கக்கா" என்றாள்.

கட்டினேன்.